டான்யூப் கரையில் சைக்கிள்: சாகசம் என்று சொல்லிப் பயமுறுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் ஐரோப்பிய ஆற்றங்கரையில் சைக்கிளில் போகும் விடுமுறையைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. படங்கள் அருமை. ஆனால் தலைப்பிலேயே சாகசப் பயணம் என்று போட்டுவிட்டு, கூடவே 'நல்ல உடல்தகுதி உள்ளவர்களுக்கு மட்டும்' என்று ஒரு பெட்டிச் செய்தியும் போட்டிருந்தீர்கள். அதைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் 'இது நமக்கு ஆகிற கதை இல்லை' என்று பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நான் ஐம்பதைத் தாண்டியவள். என்னோடு வந்த அக்காவுக்கு அறுபது முடிந்துவிட்டது, முழங்கால் வலி வேறு. ஜெர்மனியின் பாசாவ் ஊரிலிருந்து ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா வரை, வழிகாட்டி யாரும் இல்லாமல், டான்யூப் கரையோரமாகவே நாங்கள் இரண்டு பேரும் சைக்கிளில் போனோம். சாகசம் என்று சொல்லும்படி அதில் ஒன்றுமே இல்லை. அப்படி இல்லாமல் பார்த்துக்கொண்டதுதான் அந்தப் பாதையைப் போட்டவர்களின் பெருமை, அதைத்தான் நீங்கள் எழுதியிருக்க வேண்டும்.

முதலில் பாதையைச் சொல்கிறேன். டான்யூப், ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் தொடங்கி 10 நாடுகளைத் தொட்டுக்கொண்டு ஏறக்குறைய 2,850 கி.மீ. ஓடிக் கருங்கடலில் கலக்கிற ஆறு. முழுவதையும் ஓட்டு என்று யாரும் கேட்கவில்லை. அதிகம் பேர் ஓட்டுவது பாசாவிலிருந்து வியன்னா வரையிலான சுமார் 320 கி.மீ. துண்டைத்தான். பாசாவ் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வியன்னா சுமார் 160 மீட்டரில். இவ்வளவு தூரத்துக்கும் சேர்த்து இறங்குவது 140 மீட்டர்தான். இறங்குகிறோம் என்பதே காலுக்குத் தெரியாது, ஏறவில்லை என்பது மட்டும் முதல் நாள் மாலைக்குள் நன்றாகத் தெரிந்துவிடும். காரணம் பழையது. நீராவிக் கப்பல் வருவதற்கு முன்பு, ஆற்றை எதிர்த்துப் போகிற சரக்குப் படகுகளைக் கரையிலிருந்து குதிரைகள்தான் கட்டி இழுத்துக்கொண்டு போயின. அந்தக் குதிரைகளுக்காகத் தண்ணீரை ஒட்டியே, மேடு பள்ளம் இல்லாமல் போட்ட தடம்தான் பல இடங்களில் இன்றைய சைக்கிள் பாதைக்கு அடி. மற்ற இடங்களில் வெள்ளத் தடுப்புக் கரையின் மேலேயே தார் போட்டிருக்கிறார்கள், அங்கே கார் வராது. இடையிடையே கொஞ்ச தூரம் ஊர்ச் சாலையில் வண்டிகளோடு போக வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

வழி தப்பிவிடுமோ என்ற பயமும் வேண்டாம். டான்யூப் பாதை யூரோவெலோ 6 என்ற ஐரோப்பிய நெடும் சைக்கிள் பாதையின் ஒரு பகுதி, பிரிகிற இடங்களில் பலகை நிற்கும். பலகையைத் தவறவிட்டாலும் ஆறு பக்கத்தில்தானே இருக்கிறது, எங்கே போய்விடப்போகிறது. கரையில் இன்னொரு வகைப் பலகையும் உண்டு, கப்பல்காரர்களுக்காக வைத்தது. இந்த ஆற்றில் கி.மீ. கணக்கு கருங்கடல் முகத்துவாரத்திலிருந்து மேல்நோக்கி எண்ணப்படுகிறது. அதனால் பாசாவில் 2,220-ஐத் தாண்டிய எண்ணைப் பார்ப்பீர்கள், கீழே போகப் போக ஒவ்வொன்றாகக் குறைந்து வியன்னாவில் 1,930 பக்கம் வந்து நிற்கும். நமக்குப் பின்னால் எவ்வளவு என்று அந்தப் பலகை சொல்வதில்லை, கடல் இன்னும் எவ்வளவு தூரம் என்றுதான் சொல்கிறது. அக்கா அந்த எண்களை உரக்கப் படித்துக்கொண்டே வந்தாள்.

அடுத்து, வழிகாட்டி இல்லாத பயணம் என்றால் என்ன என்பதையே கட்டுரை தெளிவாகச் சொல்லவில்லை. நம் ஆட்கள் இரண்டில் ஒன்றாகப் புரிந்துகொள்கிறார்கள்: ஒன்று, பையைக் கட்டிக்கொண்டு கிடைத்த இடத்தில் படுத்துப் போகிற பயணம், இல்லையென்றால், கொடி பிடித்தவர் பின்னால் கூட்டமாகப் போகிற பயணம். இது இரண்டும் இல்லை. ஏற்பாடு செய்கிற நிறுவனம் ஒவ்வொரு இரவுக்கும் அறை பதிவு செய்துவிடும், சைக்கிளை வாடகைக்குத் தரும், பாதை வரைபடமும் ஊர் ஊராக என்ன இருக்கிறது என்ற குறிப்பும் தரும், போனில் போட்டுக்கொள்ள பாதைக் கோப்பும் தரும். காலையில் பெட்டியில் பெயர்ச்சீட்டை மாட்டி, சொன்ன நேரத்துக்குள் விடுதி வரவேற்பில் வைத்துவிட வேண்டும். நாம் சைக்கிளில் கிளம்பிவிடுவோம், பெட்டி வேனில் அடுத்த விடுதிக்குப் போய்விடும். ஏதாவது ஆகிவிட்டால் கூப்பிட ஒரு எண் இருக்கும். மற்றபடி எப்போது கிளம்புவது, எந்தக் கரையில் போவது, எங்கே நிற்பது, எங்கே நிற்காமல் போவது, எல்லாம் நம் இஷ்டம். பெட்டிக்கு எடை வரம்பு உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். பஞ்சர் ஆனால் பெரும்பாலும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான், அதற்கு வேண்டிய டியூப், பம்ப், டயர் கழற்றும் கருவி எல்லாம் சைக்கிளோடு வந்திருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

சைக்கிளைக் கையில் வாங்குகிற அந்த அரைமணி நேரத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே அவசரப்பட்டால் முழங்கால் அதற்குத் தண்டனை அனுபவிக்கும். அக்கா சீட்டைத் தாழ்த்தச் சொன்னாள், இரண்டு காலும் தரையில் படிய வேண்டும் என்று. வண்டி கொடுத்தவர் மறுத்துப் பேசவில்லை, ஆனால் அவளை ஏறி உட்காரச் சொல்லி, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைப் பெடலில் வைக்கச் சொன்னார். பெடல் அடியில் இருக்கும்போது குதிகால் பட்டும் படாமலும் கால் நேராக நீள வேண்டும். அப்புறம் முன்பாதத்தை வைத்து மிதித்தால் முழங்கால் லேசாக மட்டும் மடங்கும். தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அதிகமாக மடங்கி, பாரம் முழுவதும் அங்கேயே இறங்கும். "தரையில கால் எட்டலைன்னா விழுந்துடுவேனே" என்றாள் அக்கா. இறங்கும்போது சீட்டிலிருந்து முன்னால் நழுவிக் காலை ஊன்ற வேண்டும் என்று காட்டினார், பத்துத் தடவை செய்து பார்த்தாள், பிடிபட்டுவிட்டது. வியன்னா வரை முழங்காலைப் பற்றி அவள் பெரிதாகப் பேசவே இல்லை. இன்னொன்று, அங்கே வாடகை சைக்கிள்கள் பலவற்றில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிரேக் பிடிக்கும். பழக்கமில்லாதவர்களுக்கு அது தூக்கிவாரிப் போடும். வேண்டாம் என்றால் முன்கூட்டியே சொல்லிக் கைப்பிரேக் மட்டும் உள்ளதைக் கேளுங்கள். சட்டம் தாழ்வாக இருக்கிற, காலைத் தூக்கிப் போட வேண்டாத சைக்கிளும் கிடைக்கும், சேலை கட்டுகிறவர்கள் சுடிதாருக்கு மாறிக்கொள்வது மட்டும் நல்லது.

அக்கா ஓட்டியது பேட்டரி சைக்கிள். இதை ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. ஐரோப்பிய விதிப்படி மோட்டார் துணை மணிக்கு 25 கி.மீ. வரைதான், அதுவும் நாம் மிதித்தால்தான் வேலை செய்யும். எதிர்க்காற்று வரும்போதும், ஆற்றை விட்டு மேட்டில் இருக்கிற ஏதாவது ஒன்றைப் பார்க்கப் போகும்போதும் அதன் அருமை தெரியும். கூட வருகிற ஒருவருக்குப் பலம் அதிகம், இன்னொருவருக்குக் குறைவு என்றால் இரண்டு பேரும் சேர்ந்து போக அதுதான் வழி. ஒரே சங்கடம் எடை. ரயில் பெட்டியில் ஏற்றவோ படிகளில் தூக்கவோ ஒரு ஆளால் முடியாது.

சரி, ஆற்றுக்கு வருகிறேன். பாசாவில் மூன்று ஆறுகள் சேர்கின்றன. ஆல்ப்ஸ் மலையிலிருந்து வருகிற இன் ஆற்றுத் தண்ணீர் பச்சை கலந்த பால்நிறம், வடக்கேயிருந்து சதுப்பு நிலத்தைக் கழுவிக்கொண்டு வருகிற இல்ஸ் கருப்பு, நடுவில் டான்யூப். சேர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் நிறங்கள் தனித்தனியாகவே ஓடுவதைக் கரைமுனையில் நின்று பார்க்கலாம். அதே ஊரின் நகரமன்றக் கட்டடச் சுவரில் வெள்ளம் ஏறிய உயரங்களைக் குறித்து வைத்திருக்கிறார்கள். 2013 ஜூனில் ஆறு 12.89 மீட்டர் வரை ஏறியது, 1501-க்குப் பிறகு அந்த ஊர் பார்த்த மிகப் பெரிய வெள்ளம் அது. அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்தில் அந்தக் கோடு இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால், வழியெல்லாம் வீட்டுச் சுவர்களில், வாசல் நிலைகளில் இருக்கிற சின்னச் சின்ன கோடுகளும் தேதிகளும் தானாகக் கண்ணில் படும். 2024 செப்டம்பரிலும் கீழ் ஆஸ்திரியா என்ற மாநிலத்தில் பெரிய வெள்ளம். அதனால் கிளம்புவதற்கு முன் பாதை எங்கேயாவது மூடியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது அவசியம். சுற்றுவழிப் பலகை வைத்திருந்தால் அதை மதித்துச் சுற்றித்தான் போக வேண்டும், குறுக்கே புகுந்து போகலாமா என்று பார்க்கக்கூடாது.

பாசாவை விட்டுக் கிளம்பி முதல் நாளோ இரண்டாம் நாளோ ஷ்லோகென் என்ற இடத்தில் ஆறு அப்படியே திரும்பி, வந்த திசைக்கே போய், மறுபடி திரும்பும். கடினமான பாறையை அறுக்க முடியாமல் சுற்றிக்கொண்டு போகிறது. வடகரையில் மலை நேராகத் தண்ணீருக்குள் இறங்கிவிடுவதால் ஓரிடத்தில் பாதையே அறுந்துவிடுகிறது. ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு ஒரு சின்னப் படகு அந்த வளைவைத் தாண்டிக் கொண்டுபோய் விடும். மேலே ஏறிப் பார்க்க ஒரு முனை இருக்கிறது, அரைமணி நேர நடை, நல்ல ஏற்றம். நான் மட்டும் ஏறினேன், அக்கா கீழே காபிக்கடையில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பேருக்கும் குறையில்லை, நேரம் ஆகிறது என்று கையைக் காட்ட யாரும் இல்லை.

அந்தப் படகுகளைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு ரொம்ப வருத்தம். இந்தப் பயணத்தின் உயிரே அக்கரைக்கும் இக்கரைக்கும் மாறி மாறிப் போகலாம் என்பதில் இருக்கிறது. பாலங்கள் இருக்கின்றன, நீர்மின் நிலைய அணைகளின் மேலும் சைக்கிளோடு கடக்கலாம், ஆனால் படகுத்துறைகள்தான் அழகு. ஷ்பிட்ஸ் ஊருக்கும் எதிர்க்கரை ஆர்ன்ஸ்டோர்ஃபுக்கும் நடுவில் ஓடுகிற படகுக்கு எஞ்சினே கிடையாது. ஆற்றுக்குக் குறுக்கே உயரத்தில் இரும்புக் கம்பிவடம் கட்டியிருக்கிறார்கள், அதில் ஒரு கப்பி ஓடுகிறது, கப்பியிலிருந்து படகுக்குக் கயிறு. படகோட்டி சுக்கானைத் திருப்பிப் படகை நீரோட்டத்துக்குச் சாய்வாக நிறுத்துகிறார். ஓடுகிற தண்ணீர் அந்தச் சாய்ந்த பக்கத்தைத் தள்ள, கயிறு கீழே போகவிடாமல் பிடித்துக்கொள்ள, படகு பக்கவாட்டில் நகர்ந்து அக்கரைக்குப் போய்ச் சேர்கிறது. திரும்பி வர, சாய்வை மறுபக்கம் மாற்றினால் போதும். காரையும் ஏற்றிக்கொண்டு போகிறது அது. இரைச்சல் இல்லை, புகை இல்லை, கப்பி உருளும் சத்தம் மட்டும் மேலே கேட்டுக்கொண்டே இருக்கிறது. நான் அதில் வேண்டுமென்றே போய், வந்து, மறுபடி போனேன். சில்லறை யூரோவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், மாலையில் எத்தனை மணிக்கு நிறுத்துகிறார்கள் என்பதையும் துறைப் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள், அது ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும்.

மெல்க் ஊரிலிருந்து கிரெம்ஸ் வரை இருக்கிற பள்ளத்தாக்குக்கு வாஹாவ் என்று பெயர், 2000-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். சாந்து இல்லாமல் கல்லை அடுக்கிக் கட்டிய படிவரிசைகளில் திராட்சை, கீழே தட்டையான நிலத்தில் ஆப்ரிகாட் தோட்டங்கள். இந்தத் துண்டில் நாங்கள் பிரிந்தோம். அக்காவுக்கு வடகரையில் வில்லென்டோர்ஃப் பார்க்க வேண்டும். 1908-ல் அங்கே ரயில் பாதை போடும்போது தோண்டியதில், சுமார் 30,000 ஆண்டுகள் பழமையான, 11 செ.மீ. உயரமே உள்ள ஒரு பெண்ணின் கல்லுருவம் கிடைத்தது. அசல் வியன்னாவின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இங்கே நகல்தான். ஆனாலும் கிடைத்த இடத்தில் நிற்க வேண்டும் என்றாள். எனக்குத் தென்கரை வேண்டும், அங்கே கூட்டம் குறைவு, தோட்டங்களுக்கு நடுவிலேயே பாதை போகிறது. சரி, மத்தியானம் ஷ்பிட்ஸில் பார்த்துக்கொள்வோம் என்று அவள் மெல்க் பாலத்தில் ஏறிவிட்டாள். நடுவில் ஓரிடத்தில் அக்கரையில் அவள் மஞ்சள் சட்டை போவது தெரிந்தது, பெல்லை அடித்தேன், அவளுக்குக் கேட்டிருக்காது. வழிகாட்டியோடு போகிற பயணத்தைக் குறைசொல்ல நான் வரவில்லை, வரலாற்றை ஒருவர் வாயால் கேட்க விரும்புகிறவர்களுக்கு அதுதான் சரி. ஆனால் இரண்டு பேர் இரண்டு கரையில் போய் மத்தியானம் ஒரு மேஜையில் சந்திக்க அதில் இடம் இல்லை.

கிரெம்ஸுக்கு முன்னால் டியூர்ன்ஸ்டைன் வரும், நீலநிறக் கோயில் கோபுரம். மேலே இடிந்த கோட்டை, இங்கிலாந்து அரசர் முதலாம் ரிச்சர்டை 1192-ல் பிடித்துச் சில மாதங்கள் அடைத்து வைத்தது அங்கேதான். ஊர் சின்னது, கப்பலில் வருகிற கூட்டம் பெரியது. தென்கரையிலிருந்து தண்ணீருக்கு அப்பால் பார்க்கும்போதுதான் அது முழு அழகாகத் தெரிகிறது என்பது என் கருத்து.

இனி மவுட்ஹவுசன். உங்கள் கட்டுரை இதைத் தொடவே இல்லை, அது எனக்குச் சரியாகப் படவில்லை. வாஹாவுக்கு வெகு முன்னாலேயே, லின்ஸ் நகரைத் தாண்டிப் போகிற பாதை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. 1938-ல் நாஜிகள் இங்கே கிரானைட் குவாரியை ஒட்டி வதைமுகாம் அமைத்தார்கள். அதற்கும் அதன் கிளை முகாம்களுக்கும் சுமார் 1,90,000 பேரைக் கொண்டுவந்தார்கள், குறைந்தது 90,000 பேர் செத்தார்கள். 1945 மே 5-ல் அமெரிக்கப் படை வந்து விடுவித்தது. குவாரியிலிருந்து மேலே வர 186 படிகள், கைதிகள் கல்லைச் சுமந்துகொண்டு அதில் ஏற வைக்கப்பட்டார்கள். ஆற்றங்கரையிலிருந்து முகாம் மேட்டில் இருக்கிறது, ரோடு செங்குத்து, நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனேன். நுழைவுக் கட்டணம் இல்லை. அங்கே அரைநாள் ஆனது. அன்று ஓட்ட வேண்டிய மிச்சத் தூரத்தை அக்கா பார்த்துவிட்டு, "ரயில்ல போயிடலாம், இதுக்கு மேல மிதிக்க மனசு வராது" என்றாள். மவுட்ஹவுசனிலிருந்து கிரைன் வரை ரயில் போகிறது, ஏறிவிட்டோம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. அதற்கு முன்னாலேயே குசென் என்ற கிராமத்தில் ஒரு கிளை முகாமின் நினைவிடம், சாதாரண வீடுகளுக்கு நடுவில் இருக்கிறது. தோட்டத்தில் துணி காய்கிறது, பக்கத்தில் பிணம் எரித்த அடுப்பைச் சுற்றிக் கட்டிய நினைவுச்சுவர். அழகான ஆறு, ஆப்ரிகாட், கோயில் கோபுரம் என்று எழுதிவிட்டு இதை விட்டுவிடுவது அந்தக் கரைக்குச் செய்கிற நியாயம் இல்லை. போகிறவர்கள் அரைநாள் ஒதுக்கியே திட்டமிடுங்கள்.

மெதுவாகப் போவதால் மட்டும் கண்ணில் படுகிற இன்னொரு விஷயமும் உண்டு. பாசாவுக்கும் வியன்னாவுக்கும் நடுவில் ஆறு முழுக்க ஓடுவதில்லை. வரிசையாக நீர்மின் அணைகள், ஒவ்வொன்றுக்கும் மேலே தண்ணீர் ஏரி மாதிரி நிற்கிறது. கிரைன் பக்கத்தில் பாறைகளும் சுழல்களும் ஒரு காலத்தில் படகுக்காரர்களை நடுங்க வைத்தன, 1959-ல் இப்ஸ்-பெர்சென்பாய்க் அணை வந்த பிறகு அதெல்லாம் தண்ணீருக்கு அடியில். வாஹாவுக்குள் நுழைந்ததும் வேறுபாடு தெரியும், அங்கே அணை கிடையாது, தண்ணீர் உண்மையிலேயே விரைந்து ஓடுகிறது, சரளைக் கரை தெரிகிறது. அந்த ஓட்டம் இருப்பதால்தான் எஞ்சின் இல்லாத படகும் ஓடுகிறது. அதையும் தாண்டிப் போனால், துல்ன் ஊர் வருவதற்கு முன் ஸ்வென்டென்டோர்ஃபில் பாதை ஒரு அணுமின் நிலையத்தை ஒட்டிப் போகும். முழுதாகக் கட்டி முடித்து, ஒரு நாள்கூட ஓட்டாத நிலையம். 1978 நவம்பர் 5-ல் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள், 50.47 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள், அத்தோடு நின்றது. காரில் போனால் ஒரு நிமிடத்தில் தாண்டிவிடும் கட்டடம். சைக்கிளில் அது நெருங்கி, பெரிதாகி, பின்னால் போகும்வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டு போகலாம்.

கஷ்டங்களையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். காற்று. பொதுவாக மேற்கிலிருந்து வீசுவதால் பாசாவிலிருந்து வியன்னா நோக்கிப் போகிறவர்களுக்கு முதுகில் தள்ளும், அதனால்தான் எல்லோரும் இந்தத் திசையில் ஓட்டுகிறார்கள். ஆனால் கிழக்குக் காற்று வருகிற நாளும் உண்டு, அன்றைக்கு வெறும் 40 கி.மீ.யே முடியாத தூரமாகத் தோன்றும். மழை நாள் உண்டு, கோடையில் நல்ல வெயிலும் உண்டு. சீட்டில் உட்காருகிற இடம் இரண்டாம் மூன்றாம் நாள் வலிக்கும், அப்புறம் பழகும், பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டை வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். ஆஸ்திரியாவில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே மாலை 6 மணிக்குக் கதவை இழுத்துவிடுவார்கள். கிராமத்து உணவகங்களுக்கு வார விடுமுறையும் மத்தியான இடைவேளையும் உண்டு. பையில் எப்போதும் பழமும் ரொட்டியும் தண்ணீரும் இருக்கட்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தெளிவாக, உள்ளே தோசைத் துண்டு மாதிரி நறுக்கிப் போட்டு வருகிற சூப் பார்க்கச் சைவமாக இருக்கும், பெரும்பாலும் அது மாட்டு எலும்புச் சாறு. கேட்டுவிட்டு வாங்குங்கள். சீஸ் போட்ட ஷ்பெட்ஸ்லே என்ற நூடுல்ஸ் மாதிரிப் பண்டம் கிடைக்கும், காளான் உணவுகள் கிடைக்கும். ஆப்ரிகாட்டை உள்ளே வைத்து வேகவைத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூளில் புரட்டித் தருகிற உருண்டையை ஜூலை அறுவடைக் காலத்தில் போகிறவர்கள் தவறவே விடக்கூடாது. விதிகளும் உண்டு: ஓட்டிக்கொண்டே போனைக் கையில் எடுத்தால் அபராதம், பெல் கட்டாயம், இருட்டினால் விளக்கும் கட்டாயம், சைக்கிள் ஓட்டுகிறவர் ரத்தத்தில் மது ஆயிரத்துக்கு 0.8 அளவைத் தாண்டக்கூடாது. வழியெல்லாம் திராட்சைத் தோட்டக்காரர்களே நடத்துகிற மதுக்கடைகள் இருப்பதால் கடைசி விதி முக்கியம்.

விசா விஷயத்தில் பலர் குழம்புகிறார்கள். பாசாவ் ஜெர்மனியில் இருக்கிறது, இறங்குவதும் பெரும்பாலும் மியூனிக்கில், அதனால் ஜெர்மனியிடம் விண்ணப்பிக்கத் தோன்றும். ஷெங்கன், அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசாவின் விதிப்படி அதிக இரவுகள் தங்குகிற நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும், இந்தப் பயணத்தில் அது ஆஸ்திரியா. இரவுகள் சமமாக இருந்தால்தான் முதலில் நுழைகிற நாடு. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஒவ்வொரு இரவும் வேறு வேறு விடுதி என்பதால், நிறுவனத்திடம் தேதி, ஊர், விடுதி முகவரி எல்லாம் உள்ள ஒரே கடிதமாக வாங்கி இணைத்துவிட்டால் வேலை சுலபம்.

யாருக்கு இது சரிப்படாது என்பதையும் சொல்ல வேண்டும். சைக்கிள் ஓட்டியே பல வருடமானவர்கள் நேரே போய் ஏறக்கூடாது, இரண்டு மாதம் முன்பிருந்தே வாரத்தில் சில நாள் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பழக வேண்டும். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பக்கூடாது. எல்லாவற்றையும் யாராவது முடிவு செய்து தந்தால்தான் நிம்மதி என்கிறவர்களுக்கு இது அலுப்பாக இருக்கும், காலையில் எழுந்ததும் இன்றைக்கு எந்தக் கரை என்று யோசிப்பதே அவர்களுக்குச் சுமை. மற்றபடி வயதை ஒரு காரணமாகச் சொல்லாதீர்கள். வழியில் எங்களைத் தாண்டிப் போனவர்களில் எழுபது வயது மதிக்கத்தக்கவர்களும் இருந்தார்கள். ஜோடி ஜோடியாக, முதுகு நிமிர்ந்து, வணக்கம் சொல்லிக்கொண்டே போனார்கள்.

ஆசிரியர் அவர்களே, கேட்பது இதுதான். அந்தப் பெட்டிச் செய்தியை எடுத்துவிட்டு அதே இடத்தில் இதைப் போடுங்கள்: 'சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர் யாரும் போகலாம். ஒரு நாளுக்கு 40 முதல் 60 கி.மீ. போதும், ஒரு வாரம் ஒதுக்குங்கள். மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் நல்லவை, அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் பல மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் பேட்டரி சைக்கிள் கேளுங்கள். முடியாத நாளில் ரயிலோ கப்பலோ ஏறிக்கொள்ளலாம், சைக்கிளுக்குத் தனி டிக்கெட் உண்டு, விரைவு ரயிலில் முன்பதிவும் வேண்டும்.' இடம் போதவில்லை என்றால் படங்களில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி